மூட்டை கட்டும் சாஸ்திரம்

பிரயாணம் என்றால் நம் வீடுகளில் முதலில் நாள் பார்ப்பார்கள். பிறகு நட்சத்திரம் பார்ப்பார்கள். ராகு காலம், எமகண்டம், சூலம் எல்லாம் பார்ப்பார்கள். காரின் பின்புறத்தில் சாமான் வைக்க எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை!

இதன் பலன் புறப்படுகிற அன்று விடியற்காலையில் தெரிய வரும். வாசலில் வண்டி நிற்கிறது. வீட்டுக்காரர் டிக்கியைத் திறந்து வைத்துக் கொண்டு, போர்க்களத்தைப் பார்க்கும் தளபதி மாதிரி நிற்கிறார். உள்ளேயிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டிகள் வருகின்றன. ஆறாவது பெட்டி வரும்போது அவர் முகம் சிவக்கிறது. ஏழாவதாகப் பாட்டியின் துணிப்பை வருகிறது. "இதில் என்னதான் இருக்கிறது?" என்று அவர் ஒரு வார்த்தை கேட்டு விடுகிறார். பாட்டி பதில் சொல்வதில்லை. பையை மடியில் வைத்துக் கொண்டு ஏறி உட்கார்ந்து விடுகிறாள். அப்புறம் செங்கற்பட்டு தாண்டுகிற வரையில் வண்டியில் பேச்சு மூச்சு கிடையாது!

வயதானவர்களை அழைத்துக் கொண்டு சாலை வழியாகப் பிரயாணம் போகிறவர்களுக்கு மூட்டை கட்டுவது ஒரு தனி சாஸ்திரம். அதில் பாதி, சாமான்களைப் பற்றியது. மீதிப் பாதி மனிதர்களைப் பற்றியது. இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

ஏழு பேர், ஒரு வண்டி

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்ளுங்கள். தாத்தாவுக்கு 81 வயது. இரத்த அழுத்தம் உண்டு. பாட்டிக்கு 76, சர்க்கரை வியாதி, முழங்கால் வலி. கூடவே பாட்டியின் அக்கா, 79. காது கொஞ்சம் மந்தம். மகன், மருமகள், இரண்டு குழந்தைகள். ஆக மொத்தம் ஏழு பேர். சென்னையிலிருந்து கும்பகோணத்துக்குப் போய் நவக்கிரக ஸ்தலங்கள் ஒன்பதையும் தரிசித்துத் திரும்புவதாக உத்தேசம்.

ஏழு பேர் என்றதும், "ஏழு ஸீட் வண்டி எடுத்துக் கொண்டால் போயிற்று" என்று தோன்றும். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. பெரும்பாலான ஏழு ஸீட் வண்டிகளில் கடைசி வரிசையை நிமிர்த்தி விட்டால், அதற்குப் பின்னால் சாமான் வைக்க ஒரு முழ அகலங்கூட மிஞ்சாது. ஏழு பேர் போகலாம், அல்லது ஐந்து பேரும் அவர்களுடைய பெட்டிகளும் போகலாம். ஏழு பேரும் ஏழு பெட்டியும் போக முடியாது. ஆகவே ஆளுக்கு ஒரு பெட்டி என்ற எண்ணத்தை முதலிலேயே விட்டு விடுங்கள். குடும்பத்துக்கு இரண்டு பெரிய பைகள், பெரியவர்களுக்குத் தனியாக ஒன்று, சாப்பாட்டுக் கூடை ஒன்று, மருந்துப் பை ஒன்று என்று கணக்கு வைத்துக் கொள்ளுங்கள். தகரம் போல் விறைப்பாக நிற்கும் பெட்டிகளைக் காட்டிலும், அமுக்கினால் அமுங்குகிற துணிப் பைகளே இந்த வண்டிகளுக்கு ஏற்றவை.

இன்னொரு விஷயம். கிளம்பும்போது டிக்கியில் கால் பங்கு இடம் காலியாக இருக்க வேண்டும். "எதற்காக?" என்று கேட்கிறீர்களா? போகிற வழியில் பண்ருட்டி இருக்கிறது. அங்கே பலாப்பழம் இருக்கிறது. கும்பகோணத்தில் வெற்றிலையும் பித்தளைப் பாத்திரமும் இருக்கின்றன. பக்கத்திலேயே நாச்சியார்கோவில் இருக்கிறது. அங்கே குத்துவிளக்கு வார்க்கிறார்கள். இவ்வளவையும் கடந்து ஒரு பாட்டி வெறுங்கையுடன் வீடு திரும்பினாள் என்று சரித்திரம் கிடையாது.

பாட்டியின் துணிப்பை

இப்போது அந்தத் துணிப்பையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாமா? விபூதிச் சம்பிடம் இருக்கும். ஒரு சொம்பு இருக்கும். இரண்டு பழைய புடவைத் துண்டுகள், நூல்கண்டு, ஊசி, சுக்கு, ஓமம், கொஞ்சம் பஞ்சு, ஒரு சின்னக் கத்தி, நாலு பழைய பிளாஸ்டிக் பைகள், நாலாக மடித்த செய்தித்தாள் இருக்கும். தாத்தாவுக்கு வெற்றிலை போடும் பழக்கம் இருந்து பல்லும் இல்லாமலிருந்தால், கையடக்கமான வெற்றிலை உரலும் இருக்கும்.

இளையவர்களுக்கு இதெல்லாம் குப்பை. "வழியெல்லாம் கடை இருக்கிறதே, பாட்டி! எது வேண்டுமானாலும் வாங்கிக் கொள்ளலாமே!" என்பார்கள். வாங்கிக் கொள்ளலாம், உண்மைதான். ஆனால் அதற்கு வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டும். யாரையாவது இறங்கிப் போகச் சொல்ல வேண்டும். பணம் கொடுக்கச் சொல்ல வேண்டும். ஒருவரையும் ஒன்றும் கேட்காமல் பிரயாணத்தை முடித்து விட வேண்டும் என்பதுதான் பாட்டியின் சங்கற்பம். அந்தப் பையைப் பிடுங்கினால், அவளுடைய சுதந்திரத்தையே பிடுங்கின மாதிரி!

எனவே, பையை விட்டு விடுங்கள். வேண்டுமானால் ஒரு தந்திரம் செய்யலாம். பிரயாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பாட்டியிடம் உட்கார்ந்து, "அத்தை! வழியில் என்னென்ன தேவைப்படும், நீங்களே சொல்லுங்கள், நான் எழுதிக் கொள்கிறேன்" என்று மருமகள் கேட்கட்டும். பட்டியல் பாட்டியின் வாயிலிருந்து வந்தால், "இது வேண்டாம், அது ஏற்கனவே இருக்கிறது" என்று அவளே பாதியைக் குறைத்து விடுவாள். உத்தரவு போட்டால் குறையாத பாரம், யோசனை கேட்டால் குறையும்.

மருந்துப் பை

மற்ற எந்தப் பையை மறந்தாலும் கும்பகோணத்தில் வாங்கிச் சமாளிக்கலாம். மருந்துப் பையை மறந்தால் திண்டிவனத்திலிருந்து திரும்பி வர வேண்டியதுதான்.

மூன்று நாள் பிரயாணமானால் ஆறு நாளைக்கு மருந்து எடுத்துக் கொள்ளுங்கள். மழை, வண்டிக் கோளாறு, உறவினர் வீட்டு உபசாரம் – இவற்றில் எது எப்போது நம்மைப் பிடித்து நிறுத்தும் என்று சொல்ல முடியாது. அந்த மருந்தையும் ஒரே பையில் வைக்காதீர்கள். பாதி கைப்பையில், பாதி வேறு பையில். ஒன்று தொலைந்தாலும் மற்றது காப்பாற்றும்.

சிலர் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, ஒரே டப்பியில் கொட்டி எடுத்து வருவார்கள். வெள்ளை மாத்திரை எது, வேறொரு வெள்ளை மாத்திரை எது என்று வழியில் யாருக்குத் தெரியும்? அட்டையோடு எடுத்துச் செல்லுங்கள். டாக்டர் சீட்டின் நகல் ஒன்று பையில் இருக்கட்டும்; மொபைல் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். ஒரு காகிதத்தில் பெரியவரின் பெயர், வயது, வியாதி, சாப்பிடும் மருந்து, ஒத்துக் கொள்ளாத மருந்து, டாக்டரின் போன் நம்பர் ஆகியவற்றைத் தமிழில் பெரிய எழுத்தாக எழுதி, தாத்தாவின் சட்டைப் பையில் ஒன்றும் பாட்டியின் மணிபர்ஸில் ஒன்றுமாக வைத்து விடுங்கள். கூட்டத்தில் பிரிந்து போனாலும் அந்தக் காகிதம் பேசும்.

இன்சுலின் போட்டுக் கொள்கிறவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சியில் வைக்க வேண்டும். உபயோகத்தில் இருப்பது அதிகச் சூடில்லாத இடத்தில் சுமார் நாலு வாரம் தாங்கும். ஆனால் நம் ஊர் வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் உட்புறம் அடுப்பு மாதிரி. வெளியே 35 டிகிரி என்றால், ஒரு மணி நேரத்தில் உள்ளே 50 டிகிரியைத் தாண்டி விடும். "கோவிலுக்குள் போய் விட்டு வந்து விடுகிறோம், மருந்து வண்டியிலேயே இருக்கட்டும்" என்று விட்டுப் போகாதீர்கள். குளிர்ச்சி வேண்டும் என்பதற்காக ஐஸ் கட்டி மேல் நேராக வைப்பதும் தவறு. உறைந்து போன இன்சுலின் வீண். ஐஸ் பையைத் துண்டில் சுற்றி, அதன் மேல் மருந்து டப்பியை வைப்பதுதான் சரி.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அது கோவில் பிரயாணத்துக்கே உரியது. பாட்டி காலையில் வழக்கம்போல் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக் கொண்டு விடுகிறாள். "ஸ்வாமி தரிசனம் ஆகாமல் பல்லில் தண்ணீர் படாது" என்று விரதம். அன்று பார்த்துக் கோவிலில் கூட்டம். வரிசையில் இரண்டு மணி நேரம் நிற்கிறாள். உடம்பு வேர்க்கிறது, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. சுற்றி நிற்பவர்கள் "வெயில் மயக்கம்" என்று விசிறுகிறார்கள். அது வெயில் மயக்கமில்லை. இரத்தத்தில் சர்க்கரை இறங்கிப் போனதன் அடையாளம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடி கொடுக்க வேண்டும். தெளிந்ததும் ஏதாவது ஆகாரம் அவசியம். லட்டு, மிட்டாய் போதாதா என்று கேட்கலாம். நெய் சேர்ந்த பண்டத்திலிருந்து சர்க்கரை இரத்தத்தில் ஏறத் தாமதமாகும். நினைவு தப்பி விட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஆம்புலன்ஸுக்குத்தான் சொல்ல வேண்டும். ஆகவே ஒரு சின்னக் குளுக்கோஸ் பொட்டலம் மருந்துப் பையில் அல்ல, வரிசையில் கூட நிற்பவர் பையில் இருக்க வேண்டும்.

விரதம் இருக்க ஆசைப்படுகிறவர்கள் புறப்படுமுன் டாக்டரைக் கேட்டு, அன்றைக்கு மருந்தை எப்படிச் சாப்பிடுவது என்று தெரிந்து கொள்வது நல்லது. வண்டியில் குமட்டல் வருகிறவர்களுக்குக் கடையில் விற்கும் மாத்திரையை வாங்கிக் கொடுத்து விடாதீர்கள். வயதானவர்களுக்கு அந்த மாத்திரைகளில் சில அசாத்தியத் தூக்கத்தையும் தடுமாற்றத்தையும் கொண்டு வரும். சிறுநீர் பிரிவதும் கஷ்டமாகும். இதையும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்ளுங்கள்.

தாத்தாவுக்கு ஏன் தாகமில்லை?

இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இந்தப் பகுதியை மட்டும் மறக்க வேண்டாம்.

வண்டி கிளம்பி ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். குழந்தைகள் தண்ணீர் குடிக்கிறார்கள். "மாமா, உங்களுக்குக் கொஞ்சம்?" என்று மருமகள் பாட்டிலை நீட்டுகிறாள். "வேண்டாம் அம்மா, தாகமில்லை" என்கிறார் தாத்தா. அடுத்த ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகும் அதே பதில். "மாமா ரொம்ப சமர்த்து, தொந்தரவே கிடையாது" என்று எல்லாரும் சந்தோஷப்படுகிறார்கள்.

தாத்தாவுக்குத் தாகம் இல்லாமல் இல்லை. தண்ணீர் குடித்தால் வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டி வரும். வயதானால் அடிக்கடி இறங்க வேண்டியிருக்கும். "இப்போதுதானே நிறுத்தினோம்?" என்று யாராவது சொல்லி விடுவார்களோ என்று அவருக்குக் கூச்சம். எழுபது வயசு வரையில் குடும்பத்துக்கே உத்தரவு போட்ட மனிதர், "கொஞ்சம் வண்டியை நிறுத்தப்பா" என்று பேரன் முன்னால் கேட்கத் தயங்குகிறார். அதனால் முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக் கொள்கிறார். இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவராயிருந்தால், அன்று காலை அதையும் யாருக்கும் தெரியாமல் தலையணைக்கடியில் வைத்து விடுகிறார்!

இது அபாயமான காரியம். வயது ஏற ஏறத் தாக உணர்ச்சியே மங்கி விடுகிறது. உடம்புக்குத் தண்ணீர் தேவைப்பட்டாலும் நாக்கு சொல்லாது. அதற்கு மேல் வேண்டுமென்றே குடிக்காமலும் இருந்தால், தலைசுற்றல், மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, எழுந்திருக்கும்போது விழுந்து விடுதல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். தவிரவும், நாலு மணி நேரத்துக்கு மேல் காலைத் தொங்கப் போட்டுக் கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தால் கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து கட்டியாகும் அபாயம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனமே ஆராய்ந்து சொல்லியிருக்கிறது.

இதற்குப் பரிகாரம் மிகவும் சுலபம். தாத்தாவைக் கேட்காதீர்கள்! யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், இரண்டு மணிக்கு ஒரு தரம் வண்டி நிற்கும் என்று புறப்படும்போதே சட்டம் போட்டு விடுங்கள். சென்னையிலிருந்து கும்பகோணம் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். திண்டிவனத்தில் ஒரு நிறுத்தம், பண்ருட்டி அல்லது நெய்வேலிப் பக்கம் ஒரு நிறுத்தம், சேத்தியாத்தோப்பைத் தாண்டி ஒரு நிறுத்தம். "எனக்கு இறங்க வேண்டும்" என்று முதலில் மகனே சொல்லட்டும். "நானும் அப்படியே கொஞ்சம் காலை நீட்டி விட்டு வருகிறேன்" என்று தாத்தா கௌரவமாகப் பின்னால் வருவார். இறங்கினதும் பத்து நிமிஷம் நடை. உள்ளே உட்கார்ந்திருக்கும்போது குதிகாலை ஊன்றி விரல்களை மேலும் கீழும் அசைத்தல் – இவ்வளவு போதும்.

எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்பதில் இருதயக் கோளாறும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்களுக்கு டாக்டர் வைத்த அளவே அளவு. மற்றவர்களுக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு தம்ளர்.

பெட்ரோல் பங்க்குகளில் கழிப்பிடம் இருக்க வேண்டும் என்பது விதி. அது சுத்தமாகவும் இருக்கும் என்பது நம்முடைய அதிர்ஷ்டம். எனவே ஒரு சோப்பு, ஒரு சின்ன மக்கு, காகிதத் துண்டுகள், ஒரு டார்ச் விளக்கு, ஒரு துவாலை ஆகியவை தனிப் பையாகக் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். குந்தி உட்கார முடியாதவர்களுக்கு மடக்குகிற கழிப்பறை நாற்காலி விற்கிறார்கள். மடக்கினால் கொஞ்ச இடத்தில் அடங்கி விடும். "இதையெல்லாமா தூக்கிக் கொண்டு போவது?" என்று வெட்கப்படாதீர்கள். அந்த நாற்காலி டிக்கியில் இருக்கிறது என்று தெரிந்தாலே பாட்டிக்குத் தாகம் எடுக்கத் தொடங்கி விடும்!

கட்டுச்சாதம்

வழியில் ஓட்டல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் கட்டுச்சாதக் கூடை இல்லாத பிரயாணம் பிரயாணமாகுமா?

ருசிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பெரியவர்களுக்கு நேரத்துக்கு ஆகாரம் வேண்டும். உப்பும் காரமும் அளவாக வேண்டும். இரண்டையும் ஓட்டல்காரரிடம் எதிர்பார்க்க முடியாது. நம் முன்னோர்கள் மாட்டு வண்டிப் பிரயாணத்துக்கென்று கண்டுபிடித்த பலகாரங்கள் மோட்டார் வண்டிக்கும் அப்படியே பொருந்துகின்றன. புளியோதரை கெடாது, புளியின் புளிப்பும் நல்லெண்ணெயும் அதைக் காப்பாற்றுகின்றன. மிளகாய்ப் பொடியும் எண்ணெயும் தடவிய இட்லியை வாட்டிய வாழை இலையில் கட்டினால் மத்தியானம் வரையில் பஞ்சு மாதிரி இருக்கும். தயிர்ச் சாதத்துக்குத் தயிர் வேண்டாம்! காலையில் சாதத்தைக் குழைய வடித்து, இளஞ்சூடான பாலை நிறைய விட்டுப் பிசைந்து, ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் சேர்த்து மூடி விடுங்கள். மத்தியானம் திறக்கும்போது புளிக்காமல் கெட்டியாக இருக்கும்.

தேங்காய்ச் சட்னி கூடவே கூடாது. வெயிலில் முதலில் கெடுவது அதுதான். தட்டையும் முறுக்கும் குழந்தைகளுக்கு. பல் செட் வைத்திருக்கிறவர்களுக்கு வாழைப்பழம், பொரி, மெத்தென்ற இட்லி. எதற்கும் இரண்டு உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள் மருந்துக் கடையில் வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். அகஸ்மாத்தாக வயிற்றுப் போக்கு கண்டால் அதுதான் முதல் சிகிச்சை. பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து கொள்ளலாம். அளவு மாறக் கூடாது.

ஏறுவதும் உட்காருவதும்

முன் ஸீட் யாருக்கு? குழந்தைகள் சண்டை போடுவார்கள். வீட்டுக்காரருக்குக் கூட ஆசை இருக்கும். அது முழங்கால் வலிக்காரருக்கு உரியது. கால் நீட்ட அங்கேதான் இடம் உண்டு. கடைசி வரிசையில் குழந்தைகளே உட்காரட்டும். வளைந்து நெளிந்து உள்ளே போக அவர்களால்தான் முடியும்.

உயரமான வண்டிகளில் ஏறுவதற்குப் பாட்டிக்கு ஒரு முக்காலியோ பலகையோ வேண்டும். வீட்டிலிருந்து உறுதியான, வழுக்காத ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். ஒரு காலை உள்ளே வைத்து ஏறுவதுதான் பெரியவர்களுக்குக் கஷ்டம். வண்டிக்கு முதுகைக் காட்டி முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பிக் கொள்ளச் சொல்லுங்கள். இறங்கும்போதும் அப்படியே.

உட்கார்ந்ததும் ஸீட் பெல்ட். "பின்னால் இருக்கிறவர்களுக்கு எதற்கு?" என்று கேட்பார்கள். பின் ஸீட்காரர்களும் அணிய வேண்டும் என்பதுதான் சட்டம். 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி மகாராஷ்டிரத்தில் பால்கர் பக்கத்தில் நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தார். அவர் உட்கார்ந்திருந்தது விலையுயர்ந்த காரின் பின் ஸீட்டில்தான். பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று போலீஸார் தெரிவித்தார்கள். பெல்ட் வயிற்றின் மேல் ஏறாமல் இடுப்பெலும்பின் மேல் தாழ்வாகப் படிய வேண்டும். இடுப்புக்குச் சின்னத் தலையணை வைக்கலாம். உட்காருவதற்குக் கனமான மெத்தை போட்டால் பெல்ட் நழுவி விடும்.

குளிர்சாதனக் காற்று நேராகப் படுகிற இடத்தில் பெரியவர்கள் அரை மணி நேரம் கூடத் தாங்க மாட்டார்கள். ஆளுக்கொரு மெல்லிய சால்வையும் காதுக்குப் பஞ்சும் கைவசம் இருந்தால், "அதை அணை", "அணைக்காதே" என்ற யுத்தமே நடக்காது.

எதை எங்கே வைப்பது?

கனமான பை கீழே, முன்பக்கமாக, ஸீட்டை ஒட்டி. லேசான பை மேலே. கடைசியில் தேவைப்படுவது முதலில் உள்ளே போக வேண்டும். முதலில் தேவைப்படுவது கடைசியில். பின் கண்ணாடிக்கடியில் பித்தளைக் கூஜாவையும் டிபன் காரியரையும் அடுக்கி வைக்காதீர்கள். டிரைவர் சட்டென்று பிரேக் போட்டால் கூஜா நிற்காது. முன்னால் இருப்பவர் தலையைத் தேடிக் கொண்டு வரும். ஊன்றுகோலைப் பெட்டிகளுக்கடியில் புதைத்து விட்டு, இறங்கும் இடத்திலெல்லாம் தேடுகிற குடும்பங்கள் அநேகம். அது அதற்குரியவர் கையருகிலேயே இருக்க வேண்டும். அதன் அடியிலிருக்கும் ரப்பர் தேய்ந்திருந்தால் புறப்படுமுன் மாற்றி விடுங்கள். கோவில் கல் தரையில் வழுக்கி விடும்.

சின்ன சாமான்கள் சில உண்டு. மறப்பது சுலபம்; மறந்தால் கஷ்டம். பழைய மூக்குக் கண்ணாடி ஒன்று உபரியாக, காதுக் கருவிக்கு மாற்று பாட்டரி, பல் செட்டுக்கு மூடியுள்ள டப்பி, வழுக்காத செருப்பு. இரவில் தங்குமிடத்தில் பாதி விபத்துக்குக் காரணம், தெரியாத அறையில் இருட்டில் குளியலறையைத் தேடுவது. சிறிய இரவு விளக்கு ஒன்று கொண்டு போய் மாட்டி விட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். அறையைக் கீழ்த் தளத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

வண்டிக்கும் கொஞ்சம் மூட்டை கட்ட வேண்டும். ஏழு பேரும் சாமானும் ஏறும்போது டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்று டிரைவர் பக்கத்துக் கதவோரத்தில் ஒட்டியிருப்பார்கள். அதைப் பார்த்து, டயர் சூடாவதற்கு முன் காலையிலேயே அடித்துக் கொள்ளுங்கள். உபரிச் சக்கரத்தையும் பார்த்து விடுங்கள். அதை எடுக்க எல்லாச் சாமானையும் இறக்க வேண்டியிருக்கும் என்பதால் பலர் அதைப் பார்ப்பதே இல்லை! சுங்கச் சாவடிக்கான ஃபாஸ்டாகில் பணம் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. இந்த மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதி முன் கண்ணாடி ஓரத்தில் ஒட்டி விடுங்கள்.

ஒன்பதும் ஒரே மூச்சில் வேண்டுமா?

சாமான்களைக் குறைக்கச் சொன்னேன். அதே மாதிரி ஊர்களையும் குறைக்கச் சொல்லுகிறேன். சுறுசுறுப்பான இளைஞர்கள் ஒன்பது ஸ்தலங்களையும் இரண்டு நாளில், ஏன், ஒரே நாளில் கூட முடித்து விடுகிறார்கள். பெரியவர்களோடு போகிறவர்கள் மூன்று நாளாவது வைத்துக் கொள்ளுங்கள். திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம் ஒரு நாள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சூரியனார்கோவிலும் கஞ்சனூரும், அங்கிருந்து வைத்தீஸ்வரன் கோவிலும் ஒரு நாள். திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு மூன்றாம் நாள். கோவில்கள் பெரும்பாலும் மத்தியானத்தில் நடை சாத்தி, மாலை நாலு மணி சுமாருக்குத்தான் திறக்கின்றன. அந்த இடைவேளை பெரியவர்களுக்காகவே ஏற்பட்டது. வெயிலில் கல் பிராகாரம் கொதிக்கும் நேரத்தில் அவர்கள் அறையில் படுத்துத் தூங்கட்டும். எட்டு ஸ்தலம் தரிசித்து ஒன்று பாக்கி நின்றால் எந்தக் கிரகமும் கோபித்துக் கொள்ளாது. ஒன்பதையும் பார்த்து விட்டுப் பாட்டி ஒரு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தால், அதற்கு எந்தப் பரிகார ஸ்தலத்துக்குப் போவது?

கடைசியாக ஒரு வார்த்தை. இளைஞர்களுக்கு இன்னொரு பிரயாணம் எப்போதும் உண்டு. இந்த வருஷம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம். பெரியவர்கள் அப்படி எண்ணிக் கொண்டு வண்டி ஏறுவதில்லை. தாம் பிறந்த ஊரின் குளத்தையும், கல்யாணம் நடந்த தெருவையும் அவர்கள் ஜன்னல் வழியாகக் கண்கொட்டாமல் பார்ப்பது அதனால்தான். அந்த இடம் வரும்போது வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். முடிந்தால் நிறுத்துங்கள். திட்டத்தில் அரை மணி நேரம் அதற்கென்று ஒதுக்கி வையுங்கள். பட்டியலில் எழுத வேண்டிய சாமான்களில் அதுவும் ஒன்று. டிக்கியில் அதற்கு இடமே வேண்டாம்!